எங்க வீட்டுக்காக ஓடுன எல்லாருக்கும் நன்றி

இயேசுவுக்கே புகழ், மரியே வாழ்க. மலேசியாவுல பகாவ் பக்கத்துல எங்க தோட்டத்து ஜனங்களுக்கும், டவுன் கோயில்ல எங்கள தெரிஞ்சவங்களுக்கும், கோயிலுக்கே வராத ஆனா எங்களுக்காக ஓடுன அக்கம்பக்கத்துக்கும் இத எழுதுறேன். வீட்டுக்காரருக்கு இப்ப எப்படி இருக்குன்னு பாக்குற எடத்துல எல்லாம் கேக்குறீங்க, எனக்கு நாலு வார்த்த சொல்றதுக்குள்ள கண்ணு கலங்கிடுது, அதான் எழுதிடலாம்னு உக்காந்துட்டேன்.

கல்லறைத் திருநாள் முடிஞ்ச வாரம் அவரு கால் வீங்கி, மூச்சு வாங்கி, டிரேக்டர்லேர்ந்து எறங்க முடியாம அப்படியே உக்காந்துட்டாரு. செம்பனைக் காட்டுல குலை வெட்டிக்கிட்டு இருந்த பையனுங்கதான் தூக்கிட்டு வந்தாங்க. ரெண்டு கிட்னியும் வேல செய்யலன்னு சொல்லிட்டாங்க. அன்னையிலேர்ந்து வாரத்துக்கு மூணு நாள், ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம் டயாலிசிஸ். மொத ரெண்டு மாசம் கிட்டக்க எடம் கெடைக்கல, சிரம்பான்தான் போகணும், எனக்கு காடி ஓட்டவும் தெரியாது.

ஸ்கூல் வேன் ஓட்டுற அண்ணே, ஒங்களுக்குத்தான் மொத நன்றி. காலையில புள்ளைங்கள எறக்கிட்டு நேரா எங்க வாசல்ல வந்து நிப்பீங்க, மத்தியானம் புள்ளைங்கள ஏத்த ஒங்க மகன அனுப்பிட்டு அங்கயே வெளிய காத்துக்கிட்டு இருப்பீங்க. எண்ணெ காசு குடுத்தா வாங்குனதே இல்ல. ஒரு நாள் நான் கையில திணிச்சப்ப, "உண்டியல்ல போடுறத திருப்பி எடுப்பியா தங்கச்சி"ன்னு கேட்டீங்க. அந்த ரெண்டு மாசமும் நான் ஒழுங்கா ஒரு ஜெபமால சொல்லல, சொல்ல வரல. ஆனா ஒங்க வேன்ல பின் சீட்டுல அவரு என் தோள்ல சாஞ்சு தூங்கிக்கிட்டு வருவாரு பாருங்க, அப்ப சாமி எங்க கூடத்தான் வருதுன்னு எனக்கு நிச்சயமா தெரிஞ்சுச்சு.

எங்க அன்பியத்து அக்காமாருங்க. புதன்கிழம கூடி வேதாகமம் வாசிச்சு ஜெபம் பண்ணிட்டுப் போறதுதான் அன்பியம்னு நான் இத்தன வருஷமா நெனச்சிருந்தேன். நீங்க டயட்டீஷியன் குடுத்த பேப்பர வாங்கிட்டுப் போயி, காய அறுத்து ஊற வெச்சு, வேக வெச்சு, அந்தத் தண்ணிய கீழ ஊத்திட்டு, பொட்டாசியம் எறங்கணுமாம், அப்புறம் உப்பு கம்மியா சமைச்சு மொற போட்டு அனுப்புனீங்க. உப்பில்லாத சாப்பாட்ட அவரு தட்டத் தள்ளி விட்டப்ப, கடைசி வீட்டு அக்கா அவருக்கு முன்னாடியே ஒக்காந்து அதே சாப்பாட்ட சாப்பிட்டாங்க, ஒரு வார்த்த புத்தி சொல்லல. அவரு பேசாம தட்ட இழுத்து சாப்பிட்டாரு.

வின்சென்ட் தே பவுல் சபையிலேர்ந்து ரெண்டு பேரு வந்தாங்க. 1833ல பாரிஸ்ல ஒசானாம்னு ஒரு காலேஜ் பையன், 20 வயசு, கூட்டாளிங்களோட ஆரம்பிச்சதாம் அது, ஏழைங்கள வீடு தேடிப் போயி பாக்குறதுதான் அப்பலேர்ந்து அவங்க முக்கியமான வேலையாம். அரிசியும் கொஞ்சம் வெள்ளியும் குடுத்தீங்க, அத விட, போட்டோ கீட்டோ எடுக்காம ஒரு மணி நேரம் ஒக்காந்து அவரு பழைய ரப்பர் காட்டுக் கத சொல்லச் சொல்லக் கேட்டீங்க பாருங்க, அத நான் மறக்க மாட்டேன்.

பாதருக்கு என்ன சொல்றது. நோயில்பூசுதல்னதும், அதான் நோயாளிக்கு எண்ணெ பூசி ஜெபிக்கிறது, இவரு பயந்துட்டாரு, சாகப் போறவங்களுக்குத்தானே அதுன்னு. இல்லப்பா, கடுமையா நோவு வந்த எல்லாருக்கும் உண்டு, நோவு கூடுனா மறுபடியும் வாங்கலாம்னு பொறுமையா சொல்லி பூசி விட்டீங்க, அன்னிக்கி ராத்திரி அவரு நல்லா தூங்குனாரு. தவக்காலம் தொடங்குற விபூதிப் புதனுக்கு நானும் ஒருசந்தி நோன்பு இருப்பேன்னு அடம் புடிச்சாரு. அது 18லேர்ந்து 59 வயசு வரைக்கும், நோயாளிக்கு இல்லன்னு சொல்லிட்டு, "அந்த நாலு மணி நேரம் ஊசியோட அசையாம படுத்திருக்கிறீங்களே, அத சாமிக்கு ஒப்புக்குடுங்க"ன்னீங்க. இப்ப மெஷின்ல போடுறப்ப எல்லாம் ஒருத்தர் பேரச் சொல்லி ஒப்புக்குடுக்கிறாரு. மொத பேரு வேன் அண்ணனோடது.

ஒருத்தர் வந்து, முன்ன செஞ்ச பாவந்தான் இப்படி வருதுன்னு அவரு காது கேக்கவே சொல்லிட்டுப் போனாங்க. பொறவிக் குருடன காட்டி யார் செஞ்ச பாவம்னு கேட்டப்ப, இவனும் இல்ல இவனப் பெத்தவங்களும் இல்லன்னு இயேசுவே சொல்லிட்டாரே. அன்னிக்கி எங்க வீட்டுக்காரரு அழுதாரு. ஞானோபதேசம் சொல்லிக் குடுத்த தாத்தா, நீங்க கேள்விப்பட்டு நடந்தே வந்தீங்க. ஜப்பான்காரன் காலத்துல சிங்கப்பூர்லேர்ந்து கத்தோலிக்க ஜனங்க இதே பகாவுக்கு வந்து காட்ட அழிச்சி பயிர் வெச்சத, கூட வந்த ஆயர் தெவால்ஸ் மண்வெட்டி பட்ட காயத்துல டெட்டனஸ் வந்து 1945 ஜனவரியில செத்துப் போனத சொல்லி, "அவரு என்னப்பா பாவம் செஞ்சாரு"ன்னு கேட்டீங்க. அதுக்கப்புறம் அவரு அந்தப் பேச்ச எடுக்கவே இல்ல.

எதுத்த வீட்டு மலாய்க்கார மாக்சிக், ஒங்க மகன் புவாசா மாசத்துல, நோன்பு இருந்து தண்ணி கூட குடிக்காம, வேன் ரிப்பேரான அன்னிக்கி எங்கள கூட்டிட்டுப் போனாரு. நாங்களும் தவக்காலத்துல இருந்தோம். நான் தமிழ்ல எழுதுறத என் மக ஒங்களுக்கு மலாய்ல படிச்சுக் காட்டுவா. கடைக்கார தௌக்கேக்கும்தான், அந்தக் கணக்கு நோட்ட மூணு மாசம் நீங்க தெறக்கவே இல்ல.

இப்ப பகாவ்லயே எடம் கெடைச்சிருச்சு. போன சனிக்கெழம சாயங்காலப் பூசைக்கு, சன்செட் மாஸுக்கு, அவரு தானே நடந்து வந்து கடைசி பெஞ்சுல ஒக்காந்தாரு, பாத்தவங்க பாத்திருப்பீங்க.

ஒங்க சாப்பாட்டு டப்பாவெல்லாம் கழுவி வெச்சிருக்கேன், மொத்தம் 14 இருக்கு. நீல மூடி போட்டது ரெண்டும், அடுக்கு தூக்குச்சட்டி ஒண்ணும் யாரோடதுன்னு தெரியல. வந்து எடுத்துக்கங்க, வர்றப்ப ஒக்காந்து தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க.