பன்னிரண்டு முறை, ஒரு பெண்கூட இல்லை: பிளாட்டினோ விருதுக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

பிளாட்டினோ திரைப்பட விருதுகளை நடத்தும் எகேதா, ஃபிப்கா ஆகிய தயாரிப்பாளர் அமைப்புகளின் பொறுப்பாளர்களுக்கும், விருதுக்குரியவர்களைத் தேர்ந்தெடுக்கும் நடுவர்களுக்கும்,

வணக்கம்.

2018-இல் மெக்சிகோவின் ரிவியேரா மாயாவில் நீங்கள் நடத்திய விழாவில் அர்ஜென்டினப் பெண் இயக்குநர் லுக்ரேசியா மார்த்தெலின் ‘சாமா’ படத்துக்கு மூன்று விருதுகள் கிடைத்தன. ஒளிப்பதிவுக்காகப் போர்த்துகலின் ரூய் போசாஸும், கலை இயக்கத்துக்காகப் பிரேசிலின் ரெனாத்தா பின்யெய்ரோவும், ஒலிக்காக அர்ஜென்டினாவின் கீதோ பெரன்ப்ளுமும் அவற்றைப் பெற்றார்கள். மூவருமே அதற்குத் தகுதியானவர்கள். ஸ்பானியமும் போர்த்துக்கீசியமும் பேசும் நாடுகளின் சினிமாவை ஒரே கூரையின் கீழ் கொண்டுவருவதற்காகத்தானே நீங்கள் இந்த விருதைத் தொடங்கினீர்கள்? மூன்று நாட்டுக் கலைஞர்கள் ஒரே படத்துக்காகக் கௌரவிக்கப்பட்ட அந்த இரவு, உங்கள் நோக்கம் நிறைவேறிய இரவு.

ஆனால் அந்த மூவரின் உழைப்பையும் ஒன்றாகக் கோத்தவருக்குச் சிறந்த இயக்குநர் விருது கிடைக்கவில்லை. ஒரு படத்தின் பிம்பமும் அறைகளும் ஓசையும் தனித்தனியே அந்த ஆண்டின் மிகச் சிறந்தவை என்று தீர்ப்பளித்தவர்களுக்கு, அம்மூன்றும் யார் மனத்தில் பிறந்து ஒன்றாயின என்ற கேள்வி எழாமல் போனது எப்படி என்று அன்றிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

அந்த ஆண்டு விருது பெற்ற செபாஸ்தியன் லேலியோவின் மீது எனக்கு எந்தக் குறையும் இல்லை. சாந்தியாகோ நகரத் திருநங்கை ஒருவரின் துக்கத்தை அவ்வளவு கண்ணியத்துடன் சொன்னவர் அவர். ஒரே ஒரு ஆண்டின் முடிவாக இருந்திருந்தால் இந்த மடலுக்கே தேவை இருந்திருக்காது. என் மனத்தை அரிப்பது சிறந்த இயக்குநர் விருது பெற்றவர்களின் முழுப் பட்டியல்.

2014-இல் பனாமா நகரில் நடந்த முதல் விழாவில் ஆமத் எஸ்கலாந்தே. அதன் பின் டாமியன் சிஃப்ரோன், சீரோ கெர்ரா, பெத்ரோ அல்மோதோவார், செபாஸ்தியன் லேலியோ, அல்ஃபோன்சோ குவாரோன், மறுபடியும் அல்மோதோவார், ஃபெர்னாண்டோ த்ருயேபா, ஃபெர்னாண்டோ லெயோன் தெ அரனோவா, ரோத்ரிகோ சொரகோயென், ஹுவான் அந்தோனியோ பயோனா. 2025 ஏப்ரலில் மாட்ரிட்டில் வால்டர் சாலஸ். 2025 வரை பன்னிரண்டு விழாக்கள், பதினொரு இயக்குநர்கள். அவர்களில் ஒருவர்கூடப் பெண் இல்லை.

இவர்களில் பெரும்பாலோரின் படங்களை நான் தேடிப்பிடித்துப் பார்த்திருக்கிறேன். சிலவற்றை நண்பர்களை வலுக்கட்டாயமாக இழுத்துக்கொண்டு போய்க் காட்டியிருக்கிறேன். சென்னையில் ஒரு சிறிய திரைப்படச் சங்கத்தில் இருபது ஆண்டுகளாக இருக்கிறேன். ஸ்பானியமும் போர்த்துக்கீசியமும் எனக்குத் தெரியாது. ஆங்கில சப்டைட்டில் வழியாகத்தான் அந்த நாடுகள் எனக்கு அறிமுகம். உங்கள் பட்டியல் எங்களைப் போன்ற சங்கங்களுக்கு வெறும் செய்தி இல்லை. அடுத்த ஆண்டு எந்தப் படத்துக்கு அனுமதி கேட்பது, எந்த இயக்குநரின் பழைய படங்களைத் தேடுவது என்று முடிவு செய்யும்போது நாங்கள் புரட்டிப் பார்க்கும் ஏடுகளில் அதுவும் ஒன்று. நீங்கள் விட்ட பெயர் எங்கள் திரையிலும் விட்டுப்போகிறது. அந்த உரிமையில்தான் எழுதுகிறேன்.

‘சாமா’வில் ஒரு காட்சி. பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில், பராகுவே பக்கத்து ஒதுக்குப்புறக் குடியேற்றம் ஒன்றில், இடமாற்ற ஆணைக்காக ஆண்டுக்கணக்கில் காத்துக்கிடக்கும் அரசு அதிகாரி தியேகோ தெ சாமா ஆளுநரின் முன் நிற்கிறார். மன்னருக்குக் கடிதம் எழுத வேண்டும். அதற்கு ஆளுநர் மனம்வைக்க வேண்டும். அந்த மனிதரின் வாழ்க்கையே தொங்கும் நேரம். அப்போது அவருக்குப் பின்னால் ஒரு லாமா சாவகாசமாக அறைக்குள் வருகிறது. யாரும் அதை விரட்டுவதில்லை, திரும்பிப் பார்ப்பதுமில்லை. சட்டகத்துக்குள் அந்த விலங்கின் நீண்ட கழுத்து சாமாவின் தோளருகே வந்து நிற்கிறது. நொறுங்கிக்கொண்டிருக்கும் மனிதரின் முகமும், எதையும் பொருட்படுத்தாத விலங்கின் முகமும் அருகருகே. எங்கள் அரங்கில் முதலில் சிரித்தார்கள். பிறகு அரங்கு அப்படியே அடங்கிப்போனது. ஒரு பேரரசு தன் சிறிய ஊழியனை என்ன செய்கிறது என்பதை இரண்டு பக்க வசனத்தால் சொல்ல முடியாது. அந்தக் கழுத்து சொல்லிவிட்டது. ஒரு ஷாட்டின் எந்த மூலையில் எது, எப்போது நுழைய வேண்டும் என்று அறிவதற்குப் பெயர்தான் இயக்கம். முந்தைய படத்துக்குப் பிறகு ஒன்பது ஆண்டுகள் கழித்து வந்த படம் அது.

இந்த விருதைப் பற்றிப் பேசும்போது நண்பர்கள் சொல்லும் பதில் ஒன்று உண்டு: “தரத்தைத்தான் பார்க்கிறார்கள். பெண்கள் எடுக்கும் படங்கள் எண்ணிக்கையில் குறைவு, அவ்வளவுதான்.” எண்ணிக்கையில் குறைவு என்பது உண்மை. அந்தக் குறைவான படங்கள் மற்ற நடுவர் குழுக்களின் முன் என்ன ஆயின என்பதற்கு 2022 ஒன்றே போதும்.

பிப்ரவரியில் பெர்லினில் கார்லா சிமோனின் ‘அல்கராஸ்’ முதன்மை விருதான தங்கக் கரடியை வென்றது. கத்தலான் மொழிப் படம்; பீச் தோட்டத்தைச் சூரிய மின்பலகைகளுக்கு இழக்கும் குடும்பத்தின் கடைசி அறுவடைக் கதை. நடித்தவர்களில் பெரும்பாலோர் அந்த வட்டாரத்து மக்கள். தொழில்முறை நடிகர்கள் அல்லர். ஆகஸ்டில் லொகார்னோவில் கோஸ்டா ரிக்காவின் வலெந்தீனா மௌரெல் சிறந்த இயக்குநர் விருது பெற்றார். செப்டம்பரில் சான் செபாஸ்தியனில் கொலம்பியாவின் லாரா மோரா தங்கச் சிப்பியைக் கொண்டுபோனார். நவம்பரில் எங்கள் கோவா விழா, மௌரெலின் அதே படத்துக்குத் தங்க மயில் தந்தது. ஐரோப்பாவின் மூன்று பெரிய விழாக்களும் இந்தியாவின் ஒரு பெரிய விழாவும், தனித்தனி நடுவர்களைக் கொண்டு, உங்கள் மொழிப் பரப்பின் பெண் இயக்குநர்களை ஒரே ஆண்டில் தலைமேல் தூக்கிவைத்தன. அதற்கு அடுத்த வசந்தத்தில் கூடிய உங்கள் விழாவில் இயக்குநர் விருது, வழக்கம்போல, ஓர் ஆணுக்குத்தான் போனது.

கேரளத்தையும் விட முடியாது. அந்த 2022 மார்ச்சில் திருவனந்தபுரம் திரைப்பட விழாவில் முதன்மை விருதான சுவர்ண சகோரம் வென்ற ‘கிளாரா சோலா’வும் கோஸ்டா ரிக்காவிலிருந்து வந்ததுதான், இயக்குநர் நத்தாலி ஆல்வரேஸ் மெசேன். நாற்பது வயது கிளாராவை ஊர் தெய்வப்பிறவியாக வணங்குகிறது. வீட்டிலோ, வளைந்த முதுகெலும்புக்கு அறுவைச் சிகிச்சை செய்யக்கூட அம்மா சம்மதிப்பதில்லை. கடவுள் இப்படியே கொடுத்தார், இப்படியே இருக்கட்டும் என்கிறாள். மகளுக்கு உடலின் ஆசை எழும்போது அவள் விரல்களில் மிளகாயைத் தடவிவிடுகிறாள். விரல் சூப்பும் பிள்ளைக்கு வேப்பெண்ணெய் தடவும் அதே கைப்பழக்கத்தோடு, கோபமே இல்லாமல் தடவுகிறாள். எனக்குப் பக்கத்து இருக்கையில் இருந்த நடுத்தர வயது அம்மையார் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். கோஸ்டா ரிக்கா எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருக்குமா என்பதுகூட எனக்குத் தெரியாது. அந்த விரல்கள் அவருக்குத் தெரிந்திருந்தன.

உங்கள் பட்டியலைத் திரும்பத் திரும்பப் படித்ததில் இன்னொன்று கண்ணில் பட்டது. குவாரோனின் ‘ரோமா’ ஒரு வீட்டுப் பணிப்பெண்ணின் கதை. லேலியோவின் படம் மரீனா என்ற அந்தத் திருநங்கையின் கதை. அல்மோதோவார் முதல் முறை வென்ற ‘ஹுலியேத்தா’ மகளைத் தொலைத்த தாயின் கதை. சாலஸின் படம், ராணுவ ஆட்சியில் கணவனைப் பறிகொடுத்துக் குடும்பத்தை நிமிர்த்திய யூனிசி பைவாவின் கதை. அதில் நடித்த ஃபெர்னாண்டா டோரஸுக்கும் நீங்கள் விருது தந்தீர்கள். பெண்ணின் வாழ்க்கை உங்களை நெகிழவைக்கிறது. அதை நடித்துக் காட்டிய பெண்ணும் உங்கள் மேடைக்கு வருகிறாள். கேமராவுக்குப் பின்னால் நின்று “இங்கே நிறுத்து” என்று சொன்ன பெண்ணுக்கு மட்டும் இந்தப் பிரிவில் இடம் வரவில்லை. ஆவணப்படம் என்றால் நிலைமை வேறு. 2024-இல் மைத்தே அல்பெர்தியின் படத்தைக் கொண்டாடினீர்கள். அந்தக் கண் புனைவுப் படங்களின் பக்கம் திரும்பும்போது மங்கிவிடுவது ஏன்?

ஒரு காரணத்தை நான் ஊகிக்கிறேன். லேலியோவின் படம் 2018 மார்ச்சில் ஆஸ்கர் வாங்கியது. ஏப்ரலில் நீங்கள் தந்தீர்கள். குவாரோன் 2019 பிப்ரவரியில் ஆஸ்கர் வாங்கினார். மே மாதம் நீங்கள் தந்தீர்கள். சாலஸின் படத்துக்கு 2025 மார்ச்சில் ஆஸ்கர். ஏப்ரலில் உங்கள் விருது. ஆஸ்கர் ஓட்டம் என்பது பெரும் பணமும் பெரும் விநியோக நிறுவனங்களும் இழுக்கும் தேர். சிறிய நாட்டில், சிறிய பணத்தில் படம் எடுக்கும் பெண்கள் அதன் வடத்தைத் தொடும் தூரத்தில்கூடப் பெரும்பாலும் இருப்பதில்லை. அந்தத் தேர் போன தெருவிலேயே நீங்களும் போனால், அது போகாத தெருக்களில் இருப்பவர்களை யார் பார்ப்பது? ஹாலிவுட்டின் தராசு போதும் என்றால் உங்களுக்கென்று ஒரு தராசு எதற்கு?

சாலஸ் வென்றதில் எனக்கு உண்மையான மகிழ்ச்சி. அதற்கு முந்தைய பதினொரு விழாக்களில் ஒரு போர்த்துக்கீசிய மொழிப் படம்கூடச் சிறந்த படமாகத் தேர்வானதில்லை. இரண்டு மொழிகளின் பெயரால் நடக்கும் விருதில் அது பெரிய குறையாகவே இருந்தது. 2025-இல் அந்தப் பூட்டு உடைந்தது. பழகிய வழக்கத்தை மாற்ற உங்களால் முடியும் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம்.

ஸ்பெயினின் கோயா விருதும் இப்படித்தான் தொடங்கியது. 1987-இல் முதல் விழா. இயக்குநர் விருது ஒரு பெண்ணின் கைக்கு வர 1997 வரை, பதினோராம் விழா வரை ஆனது. அன்று மேடையேறியவர் பிலார் மிரோ. சித்திரவதையைக் காட்டியதற்காக அவருடைய படம் ஒன்றை முடக்கி, ராணுவ நீதிமன்றத்தில் அவர்மேல் வழக்குப் போட்டிருந்தார்கள். பின்னாளில் அவரே நாட்டின் திரைப்படத் துறைக்குப் பொறுப்பேற்று ஸ்பானிய சினிமாவுக்கான உதவி முறையை மாற்றி அமைத்தார். பதினேழாம் நூற்றாண்டின் லோபெ தெ வேகா நாடகத்தை, செய்யுள் வசனம் கெடாமல், போர்த்துகலின் அரண்மனைகளில் படமாக்கினார். அந்தப் படத்துக்குத்தான் விருது. அதே ஆண்டு அக்டோபரில் அவர் இறந்துபோனார். இன்னும் ஓர் ஆண்டு தாமதித்திருந்தால் அந்த மேடைக்கு அவர் வந்திருக்கவே மாட்டார். அவருக்குப் பின் இசியார் பொயாயினும் இசபெல் கொய்ஷெத்தும் அதே விருதைப் பெற்றார்கள். கோயாவுக்குப் பதினொரு விழாக்கள் பிடித்தன. நீங்கள் பன்னிரண்டைத் தாண்டிவிட்டீர்கள்.

இத்தனை இடம் பெண்ணுக்கு என்று ஒதுக்கீடு செய்யச் சொல்லி நான் கேட்கவில்லை. மார்த்தெலோ சிமோனோ அப்படி ஒரு பரிசை விரும்புவார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. நான் கேட்பது பார்வையை. நடுவர்களே, வாக்களிக்கும் முன் படங்களை முழு இருட்டில், நல்ல ஒலியுள்ள அரங்கில் பாருங்கள். சாமாவுக்குக் கெட்ட செய்தி வரும்போதெல்லாம் கீழே கீழே இறங்கிக்கொண்டே போகும் அந்த ஓசை, மடிக்கணினியின் ஒலிபெருக்கியில் கொசு ரீங்காரம்போலத்தான் கேட்கும். லொகார்னோவிலும் சான் செபாஸ்தியனிலும் கோவாவிலும் முந்தைய ஆண்டு யார் வென்றார் என்ற தாளை, ஆஸ்கர் பட்டியலுக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். மத்திய அமெரிக்காவிலிருந்து ஒரு படம் வந்தால் அதைக் கடைசி நாளுக்குத் தள்ளாதீர்கள்.

அமைப்பாளர்களிடம் இன்னொரு வேண்டுகோள். உங்கள் கௌரவ விருதை முதல் விழாவில் சோனியா பிராகாவுக்குத் தந்தீர்கள். பின்னர் கார்மென் மௌராவுக்கும் செசிலியா ரோத்துக்கும் தந்தீர்கள். மூவரும் திரைக்கு முன்னால் ஒளிர்ந்தவர்கள். அடுத்த முறை அந்த விருதை ஒரு பெண் இயக்குநருக்குத் தாருங்கள். யாருக்கு என்று கேட்டால், அர்ஜென்டினாவின் சால்தா மாகாணத்திலிருந்து வந்து, நீச்சல்குளத்தருகே இரும்பு நாற்காலிகளை இழுக்கும் சத்தத்தை வைத்தே ஒரு குடும்பத்தின் அழுகலைச் சொல்லிவிட்ட லுக்ரேசியா மார்த்தெலுக்கு என்பேன். அவருடைய ஒளிப்பதிவாளரும் கலை இயக்குநரும் ஒலி வடிவமைப்பாளரும் ஏற்கெனவே உங்கள் சிலையை வீட்டில் வைத்திருக்கிறார்கள். நான்காவது சிலை அவரைத்தான் சேர வேண்டும்.

மிகுந்த மரியாதையுடன்,
சென்னையிலிருந்து ஒரு திரைப்படச் சங்க உறுப்பினர்