அந்த விடைத்தாளை மீண்டும் திருத்துங்கள்

மதிப்பிற்குரிய தலைமையாசிரியருக்கும் தமிழாசிரியர்களுக்கும்,

வணக்கம். வட சென்னைக் காசிமேட்டில் மாலை வகுப்பு நடத்துகிறேன். பதினொன்றாம் வகுப்புத் திருப்புதல் தேர்வில் குறுந்தொகை 290ஆம் பாடலைக் கொடுத்து நயம் பாராட்டச் சொல்லியிருந்தீர்கள். என் மாணவனுக்கு ஐந்துக்கு ஒன்று. ‘குறிப்பில் இல்லை’ என்று சிவப்பு மையில் எழுதி, இரண்டு பத்திகளைக் குறுக்கே அடித்திருக்கிறீர்கள். அந்த விடையை மீண்டும் திருத்தித் தாருங்கள்.

காமத்தைத் தாங்கிக்கொள் என்கிறாள் தோழி. அப்படிச் சொல்பவர்கள் காமத்தை அறியாதவர்களா, இல்லை அவ்வளவு வலிமை உடையவர்களா என்று கேட்கிறாள் தலைவி. எதிரே நிற்பவளையே ‘என்போர்’ என்று யாரோ போலத் தள்ளிவைத்துப் பேசும் வருத்தம் அது. பிறகுதான், காதலரைக் காணாவிட்டால் ‘கல்பொரு சிறுநுரை போல மெல்ல மெல்ல இல்லா குதுமே’, கல்லில் மோதும் சிறு நுரை போல மெல்ல மெல்ல இல்லாமல் போவோம், என்கிறாள்.

எதுகை, உவமை, நெய்தல் திணை ஆகியவற்றை உங்கள் விடைக்குறிப்பு கேட்கிறது. கேட்கட்டும். மாணவன் எழுதியதைப் பாருங்கள்: கல்லில் மோதிய நுரை உடனே போய்விடுவதில்லை, இடுக்கில் தங்கிக் கொஞ்சங்கொஞ்சமாக அடங்கும், அதனால்தான் ‘மெல்ல மெல்ல’ என்று இருமுறை வருகிறது. மற்ற அடிகளில் நான்கு சீர் இருக்க, நுரை வரும் ஐந்தாம் அடியில் மூன்றுதான் என்பதையும் எண்ணிச் சொல்லியிருக்கிறான். ஈற்றயலடி, அதாவது கடைசிக்கு முந்தைய அடி, முச்சீராய் வருவது நேரிசை ஆசிரியப்பாவின் இலக்கணம். அந்தக் குறைந்த அடியில் நுரையை வைத்தது புலவரின் திறம். அதைக் கண்டுகொண்ட பிள்ளைக்கு ஒரு மதிப்பெண்ணா?

அந்தப் புலவரின் இயற்பெயர்கூட நமக்குக் கிடைக்கவில்லை. இந்த உவமையை வைத்தே கல்பொரு சிறுநுரையார் என்கிறோம். உவமையைக் கண்ணால் பார்த்து எழுதியவனின் விடையைத்தான் நீங்கள் அடித்திருக்கிறீர்கள். கடலரிப்பைத் தடுக்கக் கொட்டிய கற்கள் அவன் வீட்டுக்கு எதிரே கிடக்கின்றன. அவன் இப்போது வீட்டுக்குள் உட்கார்ந்து உங்கள் குறிப்பை மனப்பாடம் செய்கிறான்.

வட சென்னைப் பிள்ளைகளுக்குத் தமிழ் வராது என்ற பேச்சைக் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது. வருகிற தமிழையும் அடித்துவிட்டு அப்படிப் பேச யாருக்கு என்ன உரிமை இருக்கிறது?

கோபத்தில் எழுதிவிட்ட சொற்களைப் பெரிதுபடுத்த வேண்டாம். விடையை மறுபடி திருத்துங்கள் என்ற வேண்டுகோளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். திருத்துமுன் அவனை அழைத்து, அடித்த பத்திகளை ஒருமுறை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். இனிவரும் தேர்வுகளிலும், பாடலோடு பொருந்தும் சொந்த விளக்கத்திற்கு மதிப்பெண் உண்டு என்று விடைக்குறிப்பிலேயே எழுதிவையுங்கள்.

பணிவுடன்,
ஒரு மாலை வகுப்பு ஆசிரியர்
காசிமேடு