'ஆகாத' என்ற ஒரு சொல்

ஆசிரியருக்கு வணக்கம்.

அமெரிக்கப் பள்ளித் துப்பாக்கிச் சூடுகளைப் பற்றி ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையில், மிச்சிகன் மாநிலத்தில் 'மகனோடு பெற்றோருக்கும் கொலைக் குற்றத்தில் சிறை' என்று எழுதியிருக்கிறீர்கள். மாவட்ட நீதிமன்றத்தில் சிரஸ்தாராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். அந்த வரியைத் தாண்டி மேலே படிக்க முடியவில்லை.

அந்தப் பெற்றோரான கிரம்ப்ளி தம்பதி மீது கொலைக் குற்றம் சாட்டப்படவே இல்லை. அவர்கள் மீது நிரூபணமானது 'மேன்ஸ்லாட்டர்', அதாவது மரணம் விளைவித்தாலும் கொலை என்ற அளவுக்கு எட்டாத குற்றம், அதிலும் கொல்லும் எண்ணமே இல்லாத வகை. 2021 நவம்பர் 30 அன்று ஆக்ஸ்ஃபோர்டு உயர்நிலைப் பள்ளியில் நான்கு மாணவர்களைச் சுட்டுக் கொன்ற மகனுக்கு வயது 15. துப்பாக்கியைத் தந்தை வாங்கியது நான்கே நாட்களுக்கு முன்பு. அன்று காலை கணக்குத் தாளில் பையன் துப்பாக்கியையும் இரத்தம் வழியும் உடலையும் வரைந்து, உதவி கேட்டும் எழுதியிருந்தான். பள்ளியில் பெற்றோரை வரவழைத்து அதைக் காட்டினார்கள். வேலை இருக்கிறதென்று இருவரும் கிளம்பிவிட்டார்கள். துப்பாக்கி வாங்கியதைப் பற்றி வாய் திறக்கவில்லை. அது அப்போது பையனின் பைக்குள் இருந்தது. இந்தப் படுமோசமான அஜாக்கிரதையைத்தான் ஜூரிகள் குற்றம் என்றார்கள்.

மகனுக்குக் கொலைக் குற்றத்தில் பரோல் (அங்கே அது நிபந்தனையோடு முன்கூட்டி விடுதலை) இல்லாத ஆயுள் தண்டனை. பெற்றோருக்கு 2024 ஏப்ரலில் தலா 10 முதல் 15 ஆண்டுகள். பத்து ஆண்டு கழிந்த பிறகே பரோல் பேச்சு. மேன்ஸ்லாட்டருக்கு மிச்சிகன் சட்டத்தில் 15 ஆண்டுதான் உச்சவரம்பு. வேடிக்கை என்னவென்றால், அந்தப் பிரிவு தண்டனையை மட்டுமே சொல்கிறது. குற்றத்தின் இலக்கணம் பழைய தீர்ப்புகளில் கிடக்கிறது! கலிஃபோர்னியாவோ வகை பிரித்தே எழுதிவைத்திருக்கிறது. திடீர்ச் சண்டையிலோ ஆத்திரத்திலோ கொன்றால் 3, 6 அல்லது 11 ஆண்டு. நடுவில் வேறு எண்ணை நீதிபதி தேர்ந்தெடுக்க முடியாது. எண்ணமின்றி நேர்ந்தால் 2, 3 அல்லது 4. ஆகவே 'அமெரிக்கச் சட்டப்படி' என்று பொத்தாம்பொதுவாக எழுதுவதும் பிசகு.

ஒரு சொல்தானே என்று நினைக்க வேண்டாம். எங்கள் நீதிமன்றத்தில் ஒருமுறை 'கொலை ஆகாத மரணம் விளைவித்த குற்றம்' என்பதில் 'ஆகாத' தட்டச்சில் விடுபட்டுப்போயிற்று. நகல் வாங்கிய, குற்றம்சாட்டப்பட்டவரின் தாயார், பக்கத்தில் இருந்தவரைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு வராந்தாவிலேயே உட்கார்ந்துவிட்டார். நான் போய் விளக்கிய பிறகும் எழுந்திருக்கவில்லை. திருத்திய நகலைக் கையில் கொடுத்த பிறகுதான் எழுந்தார்.

தமிழில் 'மேன்ஸ்லாட்டர்' என்பதற்கு ஒற்றைச் சொல் இல்லை என்பது உண்மை. ஆத்திரத்தில் நிகழ்ந்தது என்றால், நம் பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 304, இப்போதைய பாரதிய நியாய சன்ஹிதாவின் 105-ஆவது பிரிவுக்கு எழுதுவதுபோல் 'கொலை ஆகாத மரணம் விளைவித்தல்' என்று போடலாம். மிச்சிகன் வழக்கு போன்றவற்றுக்குக் 'கடும் அஜாக்கிரதையால் மரணம் விளைவித்தல்' பொருந்தும். தலைப்பில் இடம் போதாது என்றால் 'மேன்ஸ்லாட்டர்' என்றே அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சிரஸ்தார்,
தேனி.