செல்ஃப் எடுக்காத நாளைக் குறித்து வை

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். போனில் சொன்னால் "சரிப்பா, சரிப்பா" என்று வேறு வேலையைப் பார்க்கப் போய்விடுவாய். அதனால்தான் காகிதத்தை எடுத்தேன்.

உன் கார் சில நேரம் ஸ்டார்ட் ஆகாமல் படுத்துகிறது என்று நேற்று ராத்திரி நீ சொன்னதை மனதுக்குள் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தேன். பல்லடம் பெட்ரோல் பங்க்கில் ஒரு தடவை. சின்னவனை டியூஷனில் விட்டுவிட்டு மருந்துக் கடையில் இறங்கியபோது ஒரு தடவை. பேட்டரி மாற்றிய பிறகு அவிநாசி கோயில் பக்கத்தில் ஒரு தடவை. மூன்று தடவையும் அரை மணி நேரம் விட்டதும் ஒன்றுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகியிருக்கிறது. காலையில் வீட்டு வாசலில் மட்டும் ஒரு நாளும் மக்கர் பண்ணியதில்லை. இதை நீ போகிற போக்கில் சொன்னாய். எனக்கு விஷயமே அதில்தான் இருக்கிறது.

பேட்டரி தளர்ந்துபோனால், ராத்திரி முழுக்க நின்ற வண்டி பெரும்பாலும் காலையில்தான் முதலில் முரண்டு பிடிக்கும். உன் வண்டி நன்றாக ஓடி, சூடாகி, பத்து நிமிடம் நிறுத்தினால்தான் வம்பு பண்ணுகிறது. என்ஜினை நிறுத்தியதும் காற்றோட்டம் நின்றுவிடும். பானெட்டுக்குள் சூடு கொஞ்ச நேரம் ஏறத்தான் செய்யும். செம்புக் கம்பி சூடானால் மின்தடை கூடும். செல்ஃப் மோட்டார், அதாவது என்ஜினை முதலில் சுற்றிவிடுகிற மோட்டார், பழையது என்றால் அதை என்ஜினோடு கோக்கிற சொலினாய்டு என்ற மின்காந்தத்துக்கு அப்போது இழுக்கத் தெம்பு இருக்காது. இல்லாவிட்டால் என்ஜின் சுற்றுவதைக் கம்ப்யூட்டருக்குச் சொல்கிற கிராங்க் சென்சார் சூட்டில் படுத்துக்கொள்ளும். ஆறினால் இரண்டுமே நல்ல பிள்ளையாகிவிடும். அந்த நேரம் பார்த்து நீ பட்டறைக்குக் கொண்டுபோனால் மெக்கானிக் என்ன செய்வார் பாவம்? கண் முன்னால் வண்டி ஒரே திருகில் எடுக்கிறது. கைக்கு எட்டியது பேட்டரி, அதை மாற்றிவிட்டார்.

அடுத்த தடவை நின்றால் பதறாதே. ஹெட்லைட்டைப் போட்டுவிட்டுச் சாவியைத் திருகு. காதைத் தீட்டிக்கொண்டு கேள். 'டக்' என்று ஒரே சத்தம், லைட்டும் மங்கவில்லை என்றால் செல்ஃப் மோட்டார் பக்கம். 'டக டக டக' என்று படபடத்து லைட் மங்கினால் பேட்டரி, இல்லாவிட்டால் அதன் டெர்மினல், அதாவது ஒயர் மாட்டுகிற முனை. சத்தமே இல்லை என்றால் ரிலே என்கிற சின்ன மின் ஸ்விட்ச், சாவி ஸ்விட்ச், கிளட்ச் அடியில் இருக்கிற ஸ்விட்ச் என்று தேட வேண்டும். செல்ஃப் நன்றாகச் சுற்றியும் என்ஜின் பிடிக்கவில்லை என்றால் அது வேறு கதை: சென்சார் அல்லது பெட்ரோல் பம்ப். சாவியை 'ஆன்' வரை திருப்பியதும் பின்சீட்டு அடியிலிருந்து இரண்டு விநாடி முனகல் வரும், அதுதான் பம்ப். அன்றைக்கு அது வந்ததா என்று கவனி. ஒரு தடவைக்குப் பத்து விநாடிக்கு மேல் திருகிப் பிடிக்காதே, செல்ஃப் கருகிவிடும்.

கேட்டதை அங்கேயே நோட்டில் எழுது. எவ்வளவு தூரம் ஓடியது, எத்தனை நிமிடம் நின்றது, வெயிலா மழையா, என்ன சத்தம். போனில் சத்தத்தைப் பதிவு பண்ணினால் இன்னும் நல்லது. பட்டறையில் "சில சமயம் ஸ்டார்ட் ஆகல" என்று மட்டும் சொன்னால் பாகம் பாகமாக மாற்றிக்கொண்டே இருப்பார்கள், நீயும் பணம் கட்டிக்கொண்டே இருப்பாய்.

நான் அப்படிப் பணம் கட்டியவன். நீ கைக்குழந்தையாக இருந்தபோது நான் ஓட்டிய வாடகை வண்டி ஞாபகம் இருக்காது. பெரியகுளம் கல்யாணத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டு போகும்போது வத்தலக்குண்டில் டீ குடிக்க நிறுத்தினேன். அப்புறம் எடுக்கவே இல்லை. பட்டுச்சட்டை போட்ட நாலு பேர் தள்ளினார்கள். மாப்பிள்ளையின் சித்தப்பா என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை. அதற்கு முன்பே புது பேட்டரி போட்டு, செல்ஃபைக் கழற்றி கார்பன் பிரஷ் மாற்றியிருந்தேன். கடைசியில் ஒரு வயதான எலக்ட்ரீஷியன் என்ஜினிலிருந்து பாடிக்குப் போகிற எர்த் ஒயரை, கரண்ட் பேட்டரிக்குத் திரும்புகிற ஒயரை, கையால் ஆட்டினார், அவ்வளவுதான். மேலுறை புதுசு மாதிரி இருந்தது. பிளேடால் கீறிக் காட்டினார். உள்ளே செம்பெல்லாம் பச்சைப் பொடியாகி, நாலைந்து இழைதான் மிச்சம். ஹாரனும் லைட்டும் அந்த ஒயரை நம்பி இல்லை, அதனால் அவை வேலை செய்தன; செல்ஃப் கேட்கிற கரண்டுக்கு அது போதாது. அதனால் உன் பட்டறைக்காரரிடமும் எர்த்தை முதலில் பார்க்கச் சொல். செல்ஃப் சுற்றும்போது பேட்டரி மைனஸுக்கும் என்ஜின் இரும்புக்கும் நடுவில் மீட்டர் அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்த ஒயர் சரியில்லை. காசில்லாத சோதனை.

நடுரோட்டில் செல்ஃப் மட்டும் சுற்றாமல் மாட்டிக்கொண்டால் தள்ளி ஸ்டார்ட் பண்ணலாம், உன்னுடையது கியர் வண்டிதான். சாவி 'ஆன்', இரண்டாம் கியர், கிளட்ச் மிதித்தபடி வேகம் வந்ததும் விடு. என்ஜின் ஓடாதபோது பிரேக்கும் ஸ்டியரிங்கும் கல்லாக இருக்கும், அதனால் சரிவில் வேண்டாம். இருட்டினால் இதுவும் வேண்டாம். பூட்டிவிட்டு ஆட்டோ பிடி.

அம்மா நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றச் சொல்கிறாள். ஏற்று, செல்ஃப் மோட்டாருக்கு அதனால் கெடுதல் இல்லை.

வோல்ட் பார்க்கிற என் பழைய மல்டிமீட்டரை பஸ் பார்சலில் போட்டுவிடுகிறேன். காலையில் வண்டியைத் தொடுவதற்கு முன் பேட்டரியில் வைத்துப் பார்த்தால் 12.6 வோல்ட் பக்கம் இருக்க வேண்டும். என்ஜின் ஓடும்போது 14-ஐ ஒட்டி. அதையும் நோட்டில் எழுதி வை, ஞாயிற்றுக்கிழமை போனில் வாசி. அதே பெட்டியில் நார்த்தங்காய் ஊறுகாயும் வருகிறது. பாட்டிலை நிமிர்த்தி வைத்துத்தான் கட்டியிருக்கிறேன், வந்ததும் முதலில் மீட்டரைத் துடை.

அன்புடன்,
அப்பா