செம்பனைக்கு மேலே தெரியும் வெளிச்சம்

பத்தாங் பெர்ஜுந்தை

அன்புள்ள சேகருக்கு,

கடிதம் கிடைத்தது. மகளுக்கு ஆசிரியர் வேலை கிடைத்ததில் எங்கள் வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம். இங்கே மழை விடவில்லை, குலை வெட்டும் வேலையும் மந்தம்தான்.

விடியற்காலையில் செம்பனைக்கு மேலே நிற்கும் வெளிச்சத்தை ராணுவம் வந்து விசாரிக்க வேண்டும் என்று உங்கள் தோட்டத்தில் பேசிக்கொள்கிறார்களாமே. ராணுவத்தினரே நேரில் போய்ப் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன்.

1980 டிசம்பர் 26, விடியற்காலை மூன்று மணி. இங்கிலாந்தில் அமெரிக்க விமானப்படை இருந்த வுட்பிரிட்ஜ் தளத்துக் காவலர்கள், பக்கத்து ரெண்டில்ஷாம் காட்டுக்குள் ஏதோ ஒளியோடு இறங்குவதைப் பார்த்தார்கள். ஏறக்குறைய அதே நேரத்தில் தென் இங்கிலாந்து வானத்தில் பிரகாசமான எரிகல் ஒன்று பாய்ந்திருக்கிறது. இரண்டு நாள் கழித்து அந்தத் தளத்து அதிகாரி லெப்டினன்ட் கர்னல் சார்ல்ஸ் ஹால்ட், கதிர்வீச்சு மானியும் டேப் ரிக்கார்டருமாகக் காட்டுக்குள் போனார். அந்தப் பதிவு இன்றும் கேட்கக் கிடைக்கிறது. மரங்களுக்கு நடுவே விளக்கு தெரிகிறது, மறுபடியும் தெரிகிறது என்று அவர்கள் சொல்லும் இடத்தில் கடிகாரத்தை வைத்துப் பார்த்தால் இடைவெளி ஐந்து விநாடி. அதே திசையில், கடற்கரையில் இருந்த ஆர்ஃபர்ட்னஸ் கலங்கரை விளக்கமும் அப்போது ஐந்து விநாடிக்கு ஒருமுறைதான் மின்னியது. தரையில் கண்ட குழிகள் முயல் பறித்தவை என்றும், மரங்களில் இருந்த தழும்புகள் வெட்டுவதற்காகக் கோடரியால் போட்ட அடையாளம் என்றும் அந்தக் காட்டிலேயே வேலை செய்தவர் விளக்கினார்.

என்னை உறுத்துவது ஹால்ட் எழுதிய அறிக்கைதான். 1981 ஜனவரி 13ஆம் தேதியிட்டது. அதற்குள் முதல் இரவின் தேதி 27 ஆகிவிட்டது. உள்ளூர்க் காவல்துறைப் பதிவேட்டில் 26 என்று இருந்ததால்தான் பிறகு சரிபார்க்க முடிந்தது. எத்தனை பேர் பார்த்திருந்தாலும் தேதி தவறினால் எரிகல்லையும் ரேடார் பதிவையும் எதோடு ஒப்பிடுவது?

அதனால் வெளிச்சம் தெரிந்த உடனே தேதி, மணி, திசை மூன்றையும் எழுது. பிறகு ஒரே இடத்தில் உட்கார்ந்து, அதை விளக்குக் கம்பத்தின் நுனிக்கு நேராக வைத்துப் பார். இருட்டில் தனியாகத் தெரியும் ஒளி, அசையாமல் இருந்தாலும் அசைவதுபோலத்தான் கண்ணுக்குப் படும். கம்பம் இருந்தால் ஏமாற மாட்டாய். கையை நீட்டி முஷ்டியை மடக்கினால் அதன் அகலம் சுமார் 10 பாகை. கோளோ நட்சத்திரமோ மணிக்கு 15 பாகை நகரும், அதாவது நாற்பது நிமிடத்துக்கு ஒரு முஷ்டி. நாம் பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருப்பதால் கிழக்கே உதிப்பது ஏறக்குறைய செங்குத்தாகவே ஏறும். நம்மை நோக்கி வரும் விமானத்தின் முன்விளக்கும் சில நிமிடம் நின்றாற்போல இருக்கும். திரும்பியதும் சிவப்பு, பச்சை தெரிந்துவிடும். கைப்பேசியில் பெரிதாக்கி எடுக்காதே. குவியம் தவறி, புள்ளி தட்டாகத் தெரியும், ஊரே பறக்கும் தட்டு என்று சொல்லும். எடுத்தே ஆகவேண்டுமென்றால் கம்பமும் படத்தில் இருக்கட்டும்.

கிழக்கே, பல நாளாக, விடிவதற்கு முன் என்றால் எனக்கு விடிவெள்ளி மேல்தான் சந்தேகம். இரண்டு மூன்று நாள் குறிப்பை அனுப்பு, வெள்ளி அந்த மணிக்கு எங்கே இருந்தது என்று பார்த்து எழுதுகிறேன். அக்காவைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
மணியம்