சோலினாவை அவசரப்பட்டுப் பிரிக்காதே

சேகர்,

பதில் போட மூன்று மாதமாகிவிட்டது. திட்டுவதை நேரில் வைத்துக்கொள். இங்கே எல்லோரும் நலம்.

உன் சோலினா கீபோர்டின் சத்தம் தள்ளாடுகிறதென்று சொல்லிவிட்டு, கடைசி வரியில் போகிறபோக்கில், "டிவைடர் சிப் எல்லாத்தையும் மாத்திடப் போறேன்" என்று எழுதியிருக்கிறாயே, அதைப் படித்ததும்தான் பேனாவை எடுத்தேன். சால்டரிங் அயர்னைக் கீழே வை. மணி அண்ணன் டேப் ரெக்கார்டரை 'சரி' பண்ணியதை அதற்குள் மறந்துவிட்டாயா?

எமினென்ட்காரன் ஹாலந்தில் 1974இல் கொண்டுவந்த பெட்டி அது. 49 கட்டையையும் சேர்த்து அழுத்தினாலும் பாடும். மேல் ஆக்டேவின் 12 சுரம்தான் நிஜமாகப் பிறப்பது, மற்றதெல்லாம் அவற்றை டிவைடர் சிப் இரண்டிரண்டால் வகுத்துத் தருபவை: 1760, 880, 440 ஹெர்ட்ஸ் என்று. டிவைடர் போனால் ஒரு சுரம் ஏதோ ஒரு ஆக்டேவிலிருந்து கீழே முழுக்க ஊமையாகும். ஒரே ஒரு கட்டை ஊமையென்றால் பெரும்பாலும் கான்டாக்ட் அழுக்கு. உனக்கோ எல்லாச் சுரமும் வருகிறது, ஆனால் தள்ளாடுகிறது. அப்போது டிவைடர் என்னய்யா பாவம் செய்தது?

ஒரு வயலினைக் கும்பலாகக் காட்டும் என்செம்பிள் எஃபெக்டை அணைக்க வழியிருந்தால், அணைத்துவிட்டு ஒரு கட்டையைப் பிடி. சத்தம் ஆர்கன் மாதிரி தட்டையாக, ஆடாமல் நின்றால் கோளாறு என்செம்பிள் போர்டில்தான். அங்கே டிசிஏ350 என்ற தாமதச் சிப் மூன்று இருக்கும், லைனுக்கு ஒன்றாக. தீயணைக்க வாளியைக் கைமாற்றுவதுபோல, ஒவ்வொன்றும் சிக்னலை 185 படி கடத்தித் தாமதப்படுத்தும். அந்தத் தாமதத்தை 0.6 ஹெர்ட்ஸ், 6 ஹெர்ட்ஸ் என்று இரண்டு எல்எஃப்ஓ (மெதுவாக அலை தரும் ஆசிலேட்டர்) ஆட்டும், லைனுக்கு லைன் 120 டிகிரி தள்ளி. ஒன்றில் சுருதி ஏறும்போது மற்றவை இறங்குவதால் ஏற்ற இறக்கம் கழிந்து, காதுக்கு வயலின் கும்பல் மட்டும் கேட்கும். ஒரு லைன் செத்தால் சமன் போச்சு. ஆட்டம் அப்பட்டமாகத் தெரியும். உன் கேஸ் இதுதான் என்பேன்.

முதலில் சப்ளை வோல்டேஜ். பழைய எலக்ட்ரோலிடிக் கெப்பாசிட்டர் காய்ந்திருந்தால் அதை மட்டும் மாற்று. பிறகு முள் மீட்டரை மெது எல்எஃப்ஓவின் மூன்று அவுட்புட்டிலும் மாற்றி மாற்றி வை; ஒன்றரை, இரண்டு நொடிக்கு ஒரு ஆட்டம் வர வேண்டும். முள் அசையாத இடத்தில் சிப்பைக் குறை சொல்லாதே. எல்லாம் ஆடினால், அலையைத் திரையில் காட்டும் ஆசிலோஸ்கோப்பில், ஒவ்வொரு சிப்புக்கும் படி தள்ளும் துடிப்பான கிளாக் வருகிறதா பார். கிளாக் இருந்தும் சத்தம் இல்லையென்றால் சிப்பின் பயஸ் வோல்டேஜைச் சரிசெய்யும் திருகான பிரீசெட்டைக் கொஞ்சமாகத் திருப்பு: அலையின் மேலும் கீழும் சமமாக வெட்டுப்படும் இடம்தான் சரி. திருப்புமுன் பழைய இடத்தைப் பேனாவால் குறித்துக்கொள். இது நீ செய்ய மாட்டாய் என்று தெரியும், ஆனாலும் சொல்கிறேன்.

சிப்பேதான் போச்சென்றால் மட்டும் தேடு, இப்போது லேசில் கிடைக்காது. எந்த லைன் என்று எழுது.

உன்,
ராமு