பட்டப்பகலில் வரும் சாத்தான்

மாப்ளே,

உன் கடிதம் வந்து ஒரு வாரமாகிறது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. சொட்டு மருந்தை நேரத்துக்குப் போடச் சொல், டிவி பார்ப்பதை மட்டும் உன்னால் தடுக்க முடியாது என்று எனக்குத் தெரியும். இங்கே சின்னவள் ப்ளஸ் டூ, ராத்திரியில் வீட்டில் சத்தமே கூடாது என்று உத்தரவு, அதனால் நான் ஹெட்போனை மாட்டிக்கொண்டு பழைய பேய்ப்படங்களாகத் தேடிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

அதில் சிக்கியதுதான் 'சத்தானிக்கோ பண்டெமோனியும்'. 1975-இல் வந்த மெக்சிகோ படம். கன்னியாஸ்திரீ, சாத்தான், அம்மணம், கொலை என்று எல்லாம் உண்டு, பின்னால் யாராவது வந்து எட்டிப் பார்த்தால் மானம் போய்விடும். 'ஃப்ரம் டஸ்க் டில் டான்' படத்தில் சல்மா ஹாயெக் பாம்பைத் தோளில் போட்டு ஆடுவாளே, அந்தப் பாத்திரத்துக்குப் பெயர் வந்தது இதிலிருந்துதான்.

கதை ஸ்பானியர் ஆண்ட காலத்தில் ஒரு மடத்தில் நடக்கிறது. சிஸ்டர் மரியா (செசிலியா பெஸே) ஊரே புனிதை என்று கொண்டாடும் பெண். ஒருநாள் வெளியே பூ பறித்துக்கொண்டிருக்கும்போது எதிரே ஒருவன் பிறந்தமேனியாக நிற்கிறான். அவன்தான் லூஸ்பெல், சாத்தான். அப்புறம் போகிற இடமெல்லாம் வருகிறான், ஆப்பிளை நீட்டுகிறான். இவள் சாட்டையால் தன்னையே அடித்துக்கொள்கிறாள், முள்ளை உடம்பில் கட்டிக்கொள்கிறாள், ஒன்றும் நடக்கவில்லை, கடைசியில் கத்தியை எடுத்துவிடுகிறாள்.

எனக்குப் பிடித்தது என்ன தெரியுமா? இடி கிடையாது, புகை கிடையாது. சாத்தான் நல்ல வெயிலில் சாவகாசமாக வந்து நிற்கிறான். என்ரிக்கே ரோச்சா என்று ஒரு நடிகர், பின்னாளில் அவர்கள் ஊர் சீரியல்களில் பெரிய வில்லன், குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருக்கும். அவர் பயமுறுத்தவே முயல்வதில்லை, பார்க்கிறார், அவ்வளவுதான்.

இதை எடுத்த ஹில்பெர்த்தோ மார்த்தினெஸ் சொலாரெஸுக்கு அப்போது எழுபதை ஒட்டிய வயது. தின் தான் என்ற காமெடியனை வைத்து நாற்பதுகளிலும் ஐம்பதுகளிலும் சிரிப்புப் படங்கள் எடுத்துப் பெயர் வாங்கியவர், பிறகு முகமூடி மல்யுத்த வீரர் சாந்தோவை ராட்சசர்களோடு மோதவிட்டவர். கலைப்படம் எடுக்கிறோம் என்ற நினைப்பே அவருக்கு இருந்திருக்காது. அதே காலத்தில் லோப்பெஸ் மொக்தெசுமா எடுத்த 'அலுகார்தா'வைத்தான் எல்லாரும் தூக்கிப் பிடிப்பார்கள். குகை மாதிரி மடம், கட்டுப்போட்ட பிணங்கள் மாதிரி கன்னியாஸ்திரீகள், படம் முழுக்க அலறல். பிரமாதம்தான், மறுக்கவில்லை, ஆனால் எனக்குப் பாதியிலேயே காது வலித்துவிட்டது.

இன்னொன்று கவனித்தேன். இந்த மடத்தில் இரண்டு கறுப்பினப் பெண்கள் இருக்கிறார்கள். அவர்களும் அங்கியில்தான் இருக்கிறார்கள், ஆனால் மற்றவர்கள் அவர்களை அடிமையாக நடத்துகிறார்கள். கவர்ச்சிக்கு எடுத்த படத்தில் இதை எதற்கு வைத்தார்கள் என்று தோன்றியது. பொய் இல்லையடா. அந்தக் காலத்து மெக்சிகோ மடங்களில் அடிமைப் பெண்கள் நிஜமாகவே இருந்தார்கள். புவேப்லா நகரத்தின் கார்மேல் மடத்தில் ஹுவானா எஸ்பெரன்சா என்ற கறுப்பினப் பெண் பல பத்தாண்டுகள் பணிவிடை செய்து கிடந்தாள், கன்னியாஸ்திரீயாக அவளை ஏற்றுக்கொண்டது 17-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், அவள் கிழவியாகிப் படுக்கையில் விழுந்த பிறகுதான்.

படம் வந்த காலத்தையும் யோசித்துப் பார். மெக்சிகோவில் வீட்டுக்கு வீடு மாதா படம், ஆனால் 1917 அரசியலமைப்பு துறவு மடங்களையே தடை செய்திருந்தது, அதை மாற்றியது 1992-இல். புவேப்லாவிலேயே ஒரு மடம் ரகசியமாக நடந்து 1934-இல்தான் பிடிபட்டது. நடுவில் 1926 முதல் 1929 வரை சர்ச்சுக்கும் அரசுக்கும் சண்டை மூண்டு ஏகப்பட்ட பேர் செத்திருக்கிறார்கள். அப்படிப்பட்ட ஊரில் தியேட்டரில் உட்கார்ந்து ஒரு கன்னியாஸ்திரீ கொலை செய்வதைப் பார்த்தவர்களுக்கு இது வெறும் பேய்ப்படமாக இருந்திருக்காது.

முடிவைச் சொல்லிவிடுகிறேன், உனக்குத்தான் ரகசியம் தாங்காதே. கடைசியில் பார்த்தால் மடத்தில் கொள்ளைநோய், மரியா படுக்கையில் செத்துக்கொண்டிருக்கிறாள், நாம் பார்த்ததெல்லாம் அவள் ஜுரத்தில் கண்டது. எல்லாம் கனவுதானா என்று பலரும் இதைத் திட்டுவார்கள், தணிக்கைக்குப் பயந்து வைத்தது போலவும் தெரியும். நான் மட்டும் அந்த இடத்தில்தான் பயந்தேன். சுற்றி நிற்பவர்களுக்கு அவள் இன்னமும் புனிதைதான். ஆனால் லூஸ்பெல் அவளுக்கு ஆசை காட்டுவது மதர் சுப்பீரியர் பதவியை, மடத்துக்கே தலைவி, தெரியுமா? அந்தப் பதவி ஆசை சாத்தானுக்கு எங்கிருந்து கிடைத்தது? ஜுரம் அவளுடையது என்றால் அதுவும் அவளுடையதுதானே.

நீ ஒத்துக்கொள்ள மாட்டாய், அலுகார்தா கட்சிக்குத்தான் போவாய் என்று நினைக்கிறேன். இரண்டையும் பார்த்துவிட்டு எழுது, முதலில் இதைப் பார்.

அன்புடன்,
உன் மாப்ளே